கத்தி படாத அறுவை

மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து வளரும் கட்டிக்கு மெனிஞ்சியோமா என்று பெயர். பெண்களுக்கே இது மிகுதி. பெரும்பாலும் புற்று அல்ல, மெல்ல வளர்வது. ஆயினும் மண்டையோட்டுக்குள் இடமேது? பார்வை நரம்பை அழுத்தினால் கண் மங்கும், வலிப்பும் வரலாம்.

மண்டையைத் திறந்து கட்டியை எடுப்பதே முதன்மையான வழி. கத்தி எட்டாத இடத்தில், ஏறத்தாழ 3 சென்டிமீட்டருக்கு உட்பட்டு இருந்தால் கதிர்வீச்சு உதவும். சுவீடன் நாட்டு லார்ஸ் லெக்செல் 1951இல் இம்முறையை எடுத்துரைத்தார். அவருடைய காமா கத்தி 1968இல் பயனுக்கு வந்தது. பெயரில்தான் கத்தி!

விடியுமுன் பால்மரம் வெட்டுவோரின் நெற்றி விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரு விளக்கின் ஒளி சொற்பம். இருநூறு பேர் சுற்றி நின்று ஒரே மரத்தின்மீது ஒளி பாய்ச்சினால்? அவ்வாறே ஏறத்தாழ 200 கோபால்ட் கதிர்கள் கட்டியில் ஒன்றுகூடுகின்றன. வழியிலுள்ள மூளைக்குச் சேர்வது சிறிதளவே. பினாங்கிலிருந்து சிலாங்கூர் சன்வே மருத்துவ மையத்துக்குப் போனால் இக்கருவியைக் காணலாம்.

ஆறு மாதம் கழித்துப் படம் எடுத்து, “கட்டி அப்படியே இருக்கிறதே, பணம் வீண்” என்று மருத்துவரிடம் போவதையே விட்டுவிடுவோர் உண்டு. கட்டி வளராமல் நிற்பதுதான் இங்கே வெற்றி; சுருங்கினால் அது கூடுதல் நன்மை. சிலருக்குப் பல ஆண்டுகள் சென்றும் மீண்டும் வளரும். ஆகவே எம்.ஆர்.ஐ. படத்தைத் தவணை தவறாமல் எடுக்க வேண்டும்.