இளம் விளையாட்டு வீரரும் ஊக்கபானமும்

இருவேறு பானங்கள் கடையில் ஒரே குளிர்பெட்டியில் அடுக்கப்பட்டிருத்தலினால், அவை ஓரினத்தனவே என்னும் மயக்கம் மாணாக்கரிடையே எழுந்துள்ளது. ஒன்று விளையாட்டுப் பானம், மற்றையது ஊக்கபானம். முன்னதனை 1965 இல் புளோரிடாப் பல்கலைக்கழகத்திலே றொபேட் கேட் என்னும் வைத்தியரும் துணைவரும், ஆட்டக்காரர் வியர்வையோடு இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தற்பொருட்டு ஆக்கினர். பின்னதன் பிறப்பு வேறு. தாய்லாந்திலே தொழிலாளரும் நெடுந்தூரம் வாகனஞ் செலுத்துவோரும் உறக்கம் விரட்ட அருந்திய பானமொன்றை ஒஸ்திரியர் ஒருவர் மாற்றியமைத்து, 1987 இல் ‘ரெட் புல்’ என விற்பனைக்கு விட்டார். களைப்பைத் தீர்ப்பதன்று, மறைப்பதே அதன் தொழில்.

இம்மறைப்பைச் செய்வது கஃபீன். விழித்திருந்து உழைக்குந்தோறும் மூளையிலே சேரும் அடினோசின் என்னும் பொருள், இளைப்பாறும்படி உடலுக்கு அறிவிக்கின்றது. அவ்வறிவிப்பு நுழையும் வாயிலைக் கஃபீன் அடைத்துக்கொள்கின்றது. தேத்தண்ணீரிலும் கோப்பியிலும் உள்ளதும் இதுவேயாதலின், நஞ்சென்று கூக்குரலிடுதல் மிகை. அளவே இங்கு வினா.

250 மில்லிலீற்றர் கொண்ட பேணியொன்றில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் கஃபீனும் 27 கிராம் சீனியும் உள. உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் கஃபீன் என்பதை, சிறுவர்க்குக் கவலை தராத அளவுக்கு அடிப்படையாகக் கொள்ளலாமென ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் கருத்துரைத்தது. 40 கிலோ நிறையுள்ள சிறுவனுக்கு இது 120 மில்லிகிராம். ஒரு பேணி எல்லைக்குள் அடங்கும். இரண்டாவது அதனை 160 ஆக்கிவிடும். காலையிற் குடித்த தேத்தண்ணீரை நாம் இன்னும் கணக்கிற் சேர்க்கவில்லை! மாலை நான்கு மணிக்கு உட்கொண்டதில் ஏறக்குறைய அரைவாசி இரவு ஒன்பது மணிக்கும் உடலிலே நிற்குமாதலால், உறக்கமுங் கெடும்.

கஃபீன் ஆட்டத்திறனைக் கூட்டுவது உண்மையே. முன்னர் அளவுக்கட்டுப்பாட்டுடன் தடைசெய்யப்பட்டிருந்த அது, 2004 இல் விளையாட்டுத் தடைப்பட்டியலினின்று நீக்கவும் பட்டது. ஆயின் அந்நீக்கம் சிறுவர்க்கு வழங்கிய அனுமதியன்று. ஊக்கபானத்திற்குச் சிறுவர் உணவில் இடமேயில்லை என அமெரிக்கக் குழந்தை வைத்தியக் கழகம் 2011 இல் அறிவித்தது. லித்துவேனியா 2014 இல் பதினெட்டு வயதிற்குட்பட்டோர்க்கு விற்பதைத் தடுத்தது.

போட்டி நாளிலே பேணிகளைப் பெட்டியோடு கொணர்ந்து கொடுப்போர் பெரும்பாலும் பழைய மாணவராகிய நாமே. அச்செலவை வேறுவழிப்படுத்தல் எளிது. ஒரு மணிக்கு மேற்படாத ஆட்டத்திற்குத் தண்ணீர் போதும். அதனினும் நீண்டால், சீனியும் சிறிது உப்புமிட்ட தேசிக்காய்த் தண்ணீரும் வாழைப்பழமும் தகும். இளநீரும் நன்றே, எனினும் வியர்வையோடு மிகுதியாகக் கழியும் சோடியம் அதில் குறைவாதலால், ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்தல் வேண்டும்.

பிறவியிலேயே இருதயத் துடிப்புக் கோளாறுடைய சிறுவர் சிலர் அதனை அறியாமலே ஆடிவருதல் கூடும். ஊக்கபானம் அருந்திய ஒருவனுக்கு நெஞ்சு படபடத்தாலோ, வலித்தாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, அவனை உடனே ஆட்டத்தினின்று நிறுத்தி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. எத்தனை பேணி குடித்தான் என்பதையும் வைத்தியரிடம் தவறாது கூறுக.