காலடியை எண்ணும் கைக்கடிகாரம்! காசு கொடுத்து வாங்கலாமா?

கைக்கடிகாரம் எதற்கு? மணி பார்க்க. இது தாத்தா காலத்துப் பதில்.

இப்போது வந்திருக்கும் "ஸ்மார்ட் வாட்ச்" மணி மட்டுமா காட்டுகிறது? எத்தனை அடி நடந்தீர்கள் என்று கணக்குச் சொல்கிறது. நாடி பார்க்கிறது. இரவில் எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று காலையில் சொல்கிறது!

ஆயிரம், இரண்டாயிரத்துக்கும் கிடைக்கிறது. அரை லட்சத்துக்கு மேல் விலை உள்ளதும் இருக்கிறது. இவ்வளவு பணம் போட்டு வாங்குவதால் உடம்புக்கு நன்மை உண்டா? விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

கடையில் பிறந்த கணக்கு

"தினமும் 10 ஆயிரம் அடி நட!" என்று பல கடிகாரங்கள் கட்டளை இடும். நடந்து முடித்தால், கையில் 'கிர்' என்று அதிர்ந்து பாராட்டும்.

இந்த 10 ஆயிரம், ஆஸ்பத்திரியில் பிறந்த கணக்கு அல்ல. கடையில் பிறந்தது!

1964-ல் ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. மறு ஆண்டு ஜப்பானில் ஒரு கம்பெனி, நடக்கும்போது காலடியை எண்ணும் சின்னக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பெயர் "மான்போ-கேய்". "10 ஆயிரம் அடி மானி" என்று அர்த்தம். கருவி விற்றது. எண்ணும் உலகம் முழுவதும் பரவி விட்டது.

எத்தனை அடி நடந்தால் போதும்? அமெரிக்காவில் 16 ஆயிரத்து 700-க்கும் அதிகமான பெண்களிடம் இதை ஆராய்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 72. முடிவு 2019-ல் வெளிவந்தது. நாள் ஒன்றுக்கு 2 ஆயிரத்து 700 அடி நடந்தவர்களைவிட, 4 ஆயிரத்து 400 அடி நடந்தவர்களிடையே சாவு குறைவாக இருந்தது. 7 ஆயிரத்து 500 அடி வரை நன்மை கூடிக்கொண்டே போனது. அதற்கு மேல் கூடவில்லை.

6 ஆயிரம் அடியோடு களைத்து உட்காரும் பாட்டி, கடிகாரம் பாராட்டவில்லையே என்று வருந்த வேண்டியது இல்லை!

பச்சை விளக்கு

கடிகாரத்தைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பச்சை விளக்கு மினுக்கும். இரத்தம் பச்சை ஒளியை விழுங்கும். இதயம் அடிக்கும்போது மணிக்கட்டில் இரத்தம் பெருகும். திரும்பி வரும் ஒளி குறையும். அடுத்த நொடி கூடும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் கடிகாரம் நாடி சொல்கிறது.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் 7 கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தார்கள். நாடிக் கணக்கில் 6 கருவிகள் தேறின. தவறு 100-க்கு 5-க்குள்தான். ஆனால் உடம்பு எரித்த சக்தியைச் சொல்வதில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஆக நல்ல கருவியே சராசரியாக 100-க்கு 27 தவறியது. "இவ்வளவு கரைந்தது" என்று கடிகாரம் சொன்னதை நம்பி, இன்னொரு தட்டுப் பொங்கல் சாப்பிடுவது வீண்!

எடை குறைக்கவும் அது உதவும் என்று சொல்ல முடியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்த வாலிபர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 2 ஆண்டுக்குப் பிறகு, கையில் கருவி கட்டியவர்கள் சராசரி மூன்றரை கிலோ இளைத்திருந்தார்கள். கட்டாதவர்களோ கிட்டத்தட்ட 6 கிலோ!

தாளம் தப்பும் இதயம்

அப்படியானால் கடிகாரம் வெறும் பகட்டுதானா? இல்லை. ஒரு காரியத்தில் அது உயிர் காக்கும் காவல்காரன்.

சிலருக்கு இதயத்தின் மேல் அறைகள் தாளம் தப்பித் துடிக்கும். வலி இருக்காது. பலருக்குத் தெரியவே தெரியாது. அந்த அறையில் இரத்தம் தேங்கி, உறைந்து, கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்! முன்பே தெரிந்தால், டாக்டர் மருந்து கொடுத்துத் தடுக்கலாம்.

அமெரிக்காவில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கையில் கடிகாரம் கட்டி இதை ஆராய்ந்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது. நாடி சீராக இல்லை என்று 2 ஆயிரத்து 161 பேருக்கு எச்சரிக்கை வந்தது. நெஞ்சில் ஒட்டும் கருவியை அவர்களில் ஒரு பகுதியினருக்கு அனுப்பி வைத்தார்கள். அதை அணிந்து திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர். அவர்களில் 100-க்கு 34 பேருக்குக் கோளாறு உறுதியானது. மற்றவர்களுக்கு இல்லவே இல்லை என்றும் சொல்லி விட முடியாது. வந்து வந்து போகும் கோளாறு அது.

எச்சரிக்கை யாருக்கு வந்தது? 65 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 3 பேருக்கு. 40 வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2 பேருக்குக்கூட வரவில்லை.

ஆனால் வீட்டில் நடப்பது என்ன? கல்லூரிக்குப் போகும் பையன் கையில் கடிகாரம் மின்னுகிறது. தாத்தா கை வெறுங்கை! ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அதைத் தாத்தா கையில் கட்டுவதே நியாயம். எச்சரிக்கை வந்தால் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். கடிகாரம் மருந்து கொடுக்காது.

சர்க்கரை பார்க்குமாம்!

ஊசி குத்தாமலே இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சொல்லும் என்று சில கடிகாரங்களையும் மோதிரங்களையும் விற்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் கடிகாரம் எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. கடிகாரம் தப்பாகக் காட்டும். அதை நம்பி அதிகமாக இன்சுலின் போட்டால், சில மணி நேரத்தில் புத்தி தடுமாறும், நினைவு தப்பும், உயிரே போகலாம்.

தோலுக்குள் மெல்லிய இழை நுழைத்து, கையிலோ வயிற்றிலோ ஒட்டிக்கொள்ளும் கருவி வேறு. அது சர்க்கரையை அளந்து கடிகாரத்துக்கு அனுப்பும். அங்கே கடிகாரத்தின் வேலை, வந்த கணக்கைக் காட்டுவது மட்டும்தான்.