நாகமலை அடிவாரத்தில் ஓர் ஆய்வுக்கூடம்

ஓணானைக் கண்டால் மதுரைப் பக்கத்துப் பையன்களுக்குக் கல்லெடுக்கத்தான் தோன்றும். அதே ஓணானை வைத்து உலகத்தரமான ஆராய்ச்சி நடந்ததும் இதே ஊரில்தான்.

1970-களின் தொடக்கம். தேனி சாலையில், நாகமலைப் பக்கம் இருக்கும் மதுரைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் வி.ஆர். முத்துக்கருப்பனும் கனகாம்பிகையும் ஓணானின் உடலில் ஆட்டின் ரத்தச் சிவப்பணுக்களைச் செலுத்திப் பார்த்தார்கள். அந்நியமான பொருள் உள்ளே நுழைந்தால் ஊர்வனவற்றின் உடல் எப்படி எதிர்க்கிறது? முட்டையை விட்டு அப்போதுதான் வெளியே வந்த குஞ்சுக்கும் அந்த ஆற்றல் உண்டா? இவற்றை ஆராய்ந்த கட்டுரைகள் 1972-ல் அமெரிக்க ஆய்விதழ்களில் வெளிவந்தன. வேலியோரம் கிடைக்கும் பிராணியைக் கொண்டு இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்கலாம் என்ற துணிச்சலே எனக்கு முதலில் பிடித்தது.

அடுத்தது புற்றுநோய். ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் அதற்குப் புது ரத்தக் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்களைக் கட்டியே வரவழைத்துக்கொள்கிறது என்று 1971-ல் பாஸ்டன் மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னார். பலர் நம்பவில்லை. கண்ணால் பார்த்தால்தானே நம்புவார்கள்? உயிருள்ள உடம்புக்குள் ஒரு குழாய் முளைப்பதை எங்கே போய்ப் பார்ப்பது?

அதற்கு வசதியான இடம் கருவிழி. அது கண்ணாடிபோலத் தெளிந்தது, ரத்தக் குழாயே இல்லாதது. ஃபோக்மன் குழு முயலின் கருவிழியைப் பயன்படுத்தியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் அவர்பாக்குடன் சேர்ந்து முத்துக்கருப்பன் அதைச் சுண்டெலியின் கண்ணில் செய்து காட்டினார். எவ்வளவு சின்னக் கண்! அதன் மெல்லிய படலத்துக்குள் ஒரு பை போல இடம் பண்ணி, கட்டியின் துணுக்கு ஒன்றைச் செருக வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். சில நாட்களில், கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் விளிம்பிலிருந்து சிவப்பு இழைகள் கிளம்பித் துணுக்கை நோக்கி நகரும். எலியை அறுக்காமலே அதைத் தொடர்ந்து கவனிக்கலாம். மரபில் ஒரே மாதிரியான சுண்டெலி வகைகள் ஆய்வுக்கூடங்களில் கிடைப்பதால், ஒரு சோதனையை இன்னொன்றோடு நம்பி ஒப்பிடவும் முடியும். 1979-ல் ‘சயின்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது.

அந்த ஆராய்ச்சிப் பாதையில் பலரின் உழைப்புக்குப் பின் வந்த மருந்து பெவாசிசுமாப். புதுக் குழாய் முளைப்பதைத் தடுக்கும் இம்மருந்தைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004-ல் அமெரிக்கா அனுமதித்தது. இன்று சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கும் கண் மருத்துவர்கள் இதை ஊசியாகப் போடுகிறார்கள்.

இதற்கிடையே முத்துக்கருப்பன் குடல்வழி வரும் நோய்க்கும் நேரம் ஒதுக்கினார். அவர் எடுத்துக்கொண்டது டைபாய்டு. காய்ச்சல் விடாவிட்டால் நம் ஊரில் உடனே எழுதித் தருவது வைடால் பரிசோதனை. 1896-ல் வந்த முறை. டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் ஊரில், பழைய தொற்றின் எதிர்ப்பொருள் ரத்தத்தில் மிச்சமிருந்து முடிவைக் குழப்பிவிடும். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பதற்கோ நாட்கள் ஆகும். டைபாய்டு கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள போரின் என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா என்ற பரிசோதனை முறையை அவரும் மாணவர்களும் 1993-ல் வெளியிட்டார்கள்.

பிற்பாடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் அவர் ஆராய்ந்ததும் அதே கருவிழி விளிம்பைத்தான். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அவற்றை மற்ற செல்களிலிருந்து பிரித்தறியும் அடையாளங்களை அவர் குழு 2005-ல் வெளியிட்டது. சுண்டெலியின் கண்வில்லை எப்படி உருவாகிறது என்று 1965-ல் எழுதியவர், நாற்பது ஆண்டுகள் கழித்தும் கண்ணிலேயே புதிய கேள்வியைக் கண்டார்.

ஓணான் ஆராய்ச்சி நடந்த அன்றைய மதுரைப் பல்கலைக்கழகம்தான் இன்றைய காமராசர் பல்கலைக்கழகம். அண்மை ஆண்டுகளில் மாதச் சம்பளம் கொடுக்கவே அது திணறி, ஆசிரியர்களும் ஊழியர்களும் போராட வேண்டி வந்தது. இப்படி ஒரு இடத்தில் எந்த இளம் ஆய்வாளர் பத்தாண்டு பிடிக்கும் கேள்வியைக் கையில் எடுப்பார்? சம்பளத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் தனித்தனியே, தட்டாமல், ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டியது தமிழக அரசின் கடமை.