உங்களுக்குத் தெரியுமா? மரக்காணத்து உப்பும் லத்தீன் ‘சால்’ என்ற சொல்லும்

● ஆரோவிலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளூஸ்’ சொல்லும் ‘சோபட்மா’ துறைமுகம் இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அன்றைய ரோமில் உப்புக்குப் பெயர் ‘சால்’.

● உப்பின் – ‘சலிஸ்’. உப்புக்கு – ‘சலீ’. உப்பை – ‘சலெம்’. உப்பால் – ‘சலெ’. ‘நாம்’ வேற்றுமை ஏற்கும்போது ‘நம்மை’, ‘நமக்கு’ என்று குறுகுகிறதே, அதே போல ‘சால்’ இங்கே ‘சல்’ ஆகிறது. நமக்கு உப்பு அஃறிணை. லத்தீனில் பெரும்பாலும் ஆண்பால்!

● பன்மையில் ‘சலேஸ்’ என்றால் சாதுரியமான நகைச்சுவைப் பேச்சு. நாமும் சுவையற்ற பேச்சை ‘உப்புச் சப்பில்லாதது’ என்கிறோம்.

● ஆரோவிலுக்குத் தெற்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அங்கே கிடைத்த இத்தாலியச் செந்நிறக் கலம் ஒன்றில் ‘கமுரி’ என்ற லத்தீன் முத்திரை இருந்தது. ‘கமுரியஸினுடையது’ என்று பொருள். உடைமை காட்டும் வேற்றுமை வடிவம்.

● ‘சால்’ தந்த சொல் ‘சலாரியும்’. ஆங்கிலத்தின் ‘சாலரி’ அதன் வழி வந்ததே. ஆனால் ரோமானியப் படைவீரர்கள் உப்பையே கூலியாகப் பெற்றார்கள் என்பதற்குப் பழைய சான்று இல்லை. அவர்களின் கூலிக்குப் பெயர் ‘ஸ்டிபெண்டியும்’. இன்று மாணவர்கள் வாங்கும் ‘ஸ்டைபண்ட்’ அதன் வாரிசு.

● சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து ‘சம்பளம்’ ஆனது என்று நம்மிடையே ஒரு விளக்கம் உண்டு. வழிச்செலவுக்கான பொருளைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு.

● ‘சாலட்’, ‘சாஸ்’, ‘சலாமி’ மூன்றுமே ‘சால்’ குடும்பம். உப்பிட்டது என்பதே அவற்றின் அடிப்படைப் பொருள்.

● பாத்தியில் விட்ட உவர்நீர் வெயிலில் வற்றினால்தான் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மரக்காணத்தில் உப்பு வாரும் வேலை நின்றுவிடும். ஒரு மொழியில் சம்பளத்துக்கே பெயர் தந்த பொருளை விளைவிப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் இல்லை. மழை மாதங்களில் அவர்களுக்குப் போதிய உதவித்தொகை உரிய நேரத்தில் கிடைத்தாக வேண்டும்.