கொட்டகைக் கூரைக்கு ஏற்ற வர்ணத் தகடு எது?

கீற்று வேயும் செலவையும் சிரமத்தையும் கருதி, மாட்டுக் கொட்டகைக்கும் பம்புசெட் அறைக்கும் வர்ணம் பூசிய இரும்புத் தகடு போடும் விவசாயிகள் பலர். கடையில் எல்லாத் தகடும் ஒன்றுபோலவே பளபளக்கும், விலைதான் வேறுபடும். இரும்பின் கனம், துத்தநாகத்தின் அளவு, மேற்பூச்சின் வகை ஆகிய மூன்றுமே இதற்குக் காரணம்.

துருவைத் தடுப்பதில் முதலிடம் துத்தநாகத்துக்கே. கீறல் விழுந்த இடத்திலும் வெட்டிய ஓரத்திலும் அது தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. துத்தநாகத்தைக் காப்பது அதன் மேலுள்ள வர்ணம்.

சாதாரணத் தகடுகளில் பாலியெஸ்டர் பூச்சு இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இதைச் சிறுகச் சிறுகச் சிதைக்கின்றன. நிறம் வெளுக்கும், கையால் தேய்த்தால் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டும்.

விலை உயர்ந்த தகடுகளில் பி.வி.டி.எப். என்னும் புளோரின் கலந்த பிசின் பூசப்படுகிறது. ஒட்டாத தோசைக்கல்லில் பூசும் பொருளும் இதே இனத்தைச் சேர்ந்ததே. இதில் கார்பனும் புளோரினும் மிக இறுக்கமாகப் பிணைந்துள்ளதால் வெயில் எளிதில் சிதைக்க முடிவதில்லை. தரமான பூச்சில் பிசினில் 70 சதவீதம் பி.வி.டி.எப்.; மீதி அக்ரிலிக். பூச்சின் கனம் சுமார் 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. 1960-களிலிருந்து இது பெரிய கட்டடங்களில் பயன்பட்டு வருகிறது.

எனினும், மாட்டுக் கொட்டகைக்கு இது கட்டாயம் தேவை என்பதில்லை. அங்கு சேதம் பெரும்பாலும் அடியிலிருந்தே வருகிறது. சாணம், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும் துத்தநாகத்தை அரிக்கும். தகட்டின் அடிப்புறத்திலோ வழக்கமாக மெல்லிய சாதாரணப் பூச்சே இருக்கும். எனவே மேற்பூச்சுக்கு அதிகப் பணம் கொடுப்பதைவிட, துத்தநாகம் கூடுதலாக உள்ள தகட்டை வாங்கி, கூரை முகட்டில் காற்றுப் போக்கு வைப்பதே நலம். கடலோரத்தில் உப்புக் காற்று வீசுவதால் கூடுதல் துத்தநாகம், நல்ல மேற்பூச்சு இரண்டும் வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. துத்தநாகம் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராமா, 275 கிராமா என்று கேட்க வேண்டும்.

2. பூச்சின் வகையைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. வகை, கனம், உத்தரவாதம் ஆகியவற்றைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும்.

3. தகட்டைக் கத்தரியால் வெட்ட வேண்டும். சக்கர அறுப்பானின் தீப்பொறி பூச்சைக் கருக்கிவிடும். துளையிடும்போது விழும் இரும்புத் துகளை அன்றே பெருக்கிவிட வேண்டும்.

4. தகடுகளை ஈரத்தோடு அடுக்கி வைத்தால் இடையில் வெள்ளைத் துரு பிடிக்கும்.

5. பி.வி.டி.எப். தகட்டுத் துண்டுகளைத் தீயில் போடக் கூடாது. நச்சு வாயு வெளிவரும்.

பளபளப்பைப் பார்த்து வாங்காமல், கொட்டகையின் தேவையறிந்து வாங்கினால் போட்ட பணம் வீண் போகாது.