கடல் மேல் பத்தியம்

பத்தியம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது இல்லங்களில் மிளகு ரசமும், சுட்ட அப்பளமும், தனியாக எடுத்து வைத்த ஒரு சிறு பாத்திரமும்தான் நினைவுக்கு வரும். வீட்டில் இருக்கிறவரையில் பத்தியம் ஒரு பாரமாகத் தோன்றுவதில்லை. தாயாரோ, மனைவியோ, மருமகளோ அதைக் கவனித்துக் கொள்கிறார்கள். பத்தியக்காரர் வாய் திறந்து எதையும் கேட்க வேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. வாசற்படி தாண்டியதும் நம்மவர்கள் திண்டாடுவதற்குக் காரணமும் இந்தப் பழக்கந்தான்.

இப்போது அந்த வாசற்படி கடல்வரையில் நீண்டுவிட்டது. நமது கைலாசபுரத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பிள்ளைகளும் பெண்களும் அநேகர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். திருச்சியில் விமானம் ஏறினால் நேரே சிங்கப்பூர். அங்கிருந்து மூன்று நாள், நான்கு நாள் உல்லாசக் கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. 2023-இல் இலங்கைக்கும் போயிற்று. பெற்றோரைக் கப்பலில் ஏற்றிப் பார்க்க வேண்டுமென்று பிள்ளைகளுக்கு ஆசை. பெற்றோருக்கோ சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், உப்புக் கூடாது, கிழங்கு கூடாது, ஏகாதசியன்று அன்னம் கூடாது. "நான்கு நாள்தானே, பத்தியத்தை மூட்டை கட்டி வையுங்கள்" என்கிறது இளைய தலைமுறை. "வேண்டவே வேண்டாம், நீங்கள் போய் வாருங்கள்" என்கிறது மூத்த தலைமுறை. இரண்டுமே சரியல்ல என்பது நமது அபிப்பிராயம். கடலில் பத்தியம் காப்பது எப்படி என்பதை நம் தேசத்தார் நூறு வருஷத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

வெள்ளிக் குடங்கள்

1902-ஆம் வருஷம் ஏழாவது எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு ஜயப்பூர் மகாராஜா சவாய் மாதோசிங் லண்டனுக்குப் போக வேண்டியிருந்தது. ஆசாரத்தில் உறுதியுள்ளவர். 'ஒலிம்பியா' என்ற புத்தம் புதிய கப்பலை முழுவதும் தமக்கென்றே வாடகைக்கு அமர்த்திக் கொண்டார். குடிப்பதற்குக் கங்கா தீர்த்தத்தைப் பெரிய வெள்ளிக் குடங்களில் நிரப்பி எடுத்துச் சென்றார். ஒவ்வொரு குடமும் 345 கிலோ எடை, ஐந்தடிக்கு மேல் உயரம். இன்றும் ஜயப்பூர் அரண்மனைக்குப் போகிறவர்கள் அவற்றைக் காணலாம்.

மகாராஜா செய்தது ஒரு வழி: கப்பலையே தம்முடைய சமையலறையாக்கி விட்டார். பென்ஷனில் காலந் தள்ளுகிறவர்களுக்கு இந்த வழி உதவாது. வெள்ளிக் குடம் இல்லாதவர் என்ன செய்வது?

ஒரே மனிதர், இரண்டு பிரயாணங்கள்

அதற்கு விடை மகாத்மா காந்தியின் வாலிபப் பருவத்தில் இருக்கிறது. 1888-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதி பம்பாயில் கப்பலேறியபோது அவருக்கு வயது பதினெட்டு. மாம்சத்தைத் தொடுவதில்லை என்று தாயாருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். கடல் தாண்டியதற்காக அவருடைய சாதியார் அவரை விலக்கியும் வைத்துவிட்டார்கள். இவ்வளவு விலை கொடுத்துக் கப்பலேறிய பிள்ளை அங்கே என்ன சாப்பிட்டார்?

கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடப் பழக்கமில்லை. எந்தப் பதார்த்தத்தில் மாம்சம் இல்லை என்று பரிசாரகரைக் கேட்கத் தைரியமுமில்லை. ஆகவே சாப்பாட்டு மேஜைக்கே போகாமல் தம் அறைக்குள் இருந்துகொண்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன தித்திப்புப் பண்டங்களையும் பழங்களையுமே பெரும்பாலும் தின்று காலம் கழித்தார். இதை அவரே தமது சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். ஜுனாகட் வக்கீல் ஒருவர் அதே அறையில் இருந்தார். எல்லோருடனும் கலந்து பேசும்படி அவர் எவ்வளவோ சொல்லியும் கூச்சம் போகவில்லை. மாம்சமில்லாமல் இங்கிலாந்தில் உயிர் வாழவே முடியாது என்று அன்புடன் எச்சரித்த வெள்ளைக்காரப் பிரயாணியும் உண்டு. விரதம் அசையவில்லை, வாயும் திறக்கவில்லை.

மூன்று வருஷம் கழிந்தது. 1891 ஜூன் 12-ஆம் தேதி பாரிஸ்டர் காந்தி லண்டனிலிருந்து 'ஓஷியானா' என்ற கப்பலில் தாய்நாட்டுக்குத் திரும்பினார். அந்தப் பிரயாணத்தைப் பற்றி லண்டன் சைவ உணவுப் பத்திரிகை ஒன்றில் எழுதியிருக்கிறார். கப்பலில் சைவர்கள் அவரையும் சேர்த்து இருவர். வேறொன்றும் கிடைக்காவிட்டால் வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, வெண்ணெய் இவற்றைக் கொண்டு சமாளிப்பது என்று இருவரும் முன்னதாகவே தீர்மானித்திருந்தார்கள். ஆனால் அந்த நிலைமை வரவில்லை. கப்பலின் ஸ்டூவர்டு முதல் வகுப்பிலிருந்து காய்கறிக் குழம்பும், சாதமும், பழங்களும், தவிடு நீக்காத கோதுமை ரொட்டியும் வரவழைத்துக் கொடுத்தார். குறைவென்று சொல்ல ஒன்றுமில்லை.

சத்தியம் அதே சத்தியம். கப்பல்களும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. மாறியது மனிதருடைய கூச்சம் ஒன்றுதான். லண்டனில் மூன்று வருஷம் வீட்டுக்காரிகளிடமும் நண்பர்களிடமும் தம் ஆகாரத்தைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சொல்லி, அதை வெளியில் சொல்வது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல என்று அவர் கண்டுகொண்டார். ஸ்டூவர்டுக்கு விஷயம் தெரிந்ததனால்தானே ரொட்டி வந்தது?

நமது திருச்சிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1909 அக்டோபரில் லண்டனில் இந்தியர்கள் விஜயதசமி விருந்து நடத்தினார்கள். தலைமை வகிக்கச் சம்மதித்த காந்தி, சாப்பாடு சைவமாக இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தார். சமையலில் ஈடுபட்டிருந்தவர்களில் ஒருவர் ஸ்ரீரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜன். பாத்திரம் கழுவவும் காய்கறி ஆயவும் வந்து சேர்ந்த ஒல்லியான மனிதர்தாம் அன்றைய தலைவர் என்பது வரகனேரி வ.வே.சு. ஐயர் வந்து சொன்ன பிறகே தெரிந்ததென்று டாக்டர் ராஜன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கேட்கக் கூசாதவர் பாத்திரம் துலக்கவும் கூசவில்லை!

தனிச் சமையலின் அபாயம்

எல்லாவற்றையும் நாமே பார்த்துக் கொள்ளலாம் என்று நினைப்பதும் சில சமயம் தீங்காக முடியும். 1914 மார்ச் 17-ஆம் தேதி சென்னையில் 'நெவாஸா' கப்பலேறிய கணித மேதை ராமானுஜன், கேம்பிரிட்ஜில் கல்லூரிச் சாப்பாட்டைத் தவிர்த்துத் தம் கையாலேயே சமைத்துக் கொண்டார். அந்த வருஷமே மகாயுத்தம் மூண்டது. வேண்டிய பொருள்கள் கிடைப்பது அரிதாயிற்று. வேலை மும்முரத்தில் வேளாவேளைக்கு உண்பதும் இல்லை. 1917-இல் நோயில் விழுந்தார். 1920 ஏப்ரலில் தமது 32-ஆம் வயதில் காலமானார். நோய்க்கு ஆகாரமே காரணமென்று சொல்லிவிட முடியாது. அது இன்னதென்பதில் வைத்தியர்களிடையே இன்றும் விவாதம் இருக்கிறது. ஆயினும் ஒன்று நிச்சயம். பத்தியமென்பது சிலவற்றை விலக்குவதோடு முடிவதில்லை. விலக்கியவற்றுக்கு ஈடாக வேறு போஷாக்கும் வேண்டும்; அதுவும் நேரத்தோடு வேண்டும்.

ஒரு தம்பதியின் கதை

நமக்கு அறிமுகமான ஓய்வு பெற்ற தம்பதி சமீபத்தில் கப்பலில் போய் வந்தார்கள். கணவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை வியாதி. டிக்கட் வாங்கிக் கொடுத்த ஏஜெண்டிடம் எல்லாம் சொல்லியாயிற்று. கப்பலில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

மறுநாள் காலை அவர் வழக்கமான மாத்திரையை விழுங்கிவிட்டு, நாமே எடுத்துக் கொள்ளும்படி பதார்த்தங்களைப் பரப்பியிருந்த பஃபே மண்டபத்துக்குப் போனார். அறுபது எழுபது தட்டுகளில் எது சைவம், எது முட்டை, எது மீன் என்று விளங்கவில்லை. "இத்தனை ஆயிரம் பேர் சாப்பிடுகிற இடத்தில் என் ஒருவனுக்காக யாரைப் போய்க் கேட்கிறது?" என்று இரண்டு துண்டு தர்ப்பூசணியோடு எழுந்துவிட்டார். பதினொரு மணிக்குக் கரையிறங்கி வெயிலில் நடந்தபோது உடம்பு வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. அம்மாளின் கைப்பையில் கற்கண்டு இருந்ததோ, பிழைத்தாரோ!

அன்றிரவு அந்த அம்மாள் சாப்பாட்டு மண்டபத்தின் தலைமைப் பரிசாரகரைத் தேடிப் போய், தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும் மறுநாள் ஆகார ஜாபிதா அவர்கள் மேஜைக்கு வந்தது. எது வேண்டும், எது கூடாது என்று குறித்துக் கொடுத்தார்கள். பருப்பும், சாதமும், எண்ணெய் குறைந்த கறியும் தவறாமல் வந்தன. 1888-உம் 1891-உம் ஒரே கப்பலில் இரண்டே நாளில் நடந்து முடிந்தன என்று சொல்லலாம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, டிக்கட் வாங்கும்போதே ஆகாரக் கட்டுப்பாட்டைக் கப்பல் கம்பெனிக்கு நேரே எழுத்து மூலம் தெரிவித்துப் பதில் வாங்கிக் கொள்ள வேண்டும். கரையை விட்ட கப்பல் நடுக்கடலில் கடைத்தெருவுக்குப் போக முடியாது. வேண்டிய சாமான்களை முன்னதாகவே ஏற்றியாக வேண்டும். ஏறிய அன்று மாலையே தலைமைப் பரிசாரகரைக் கண்டு மறுபடியும் சொல்ல வேண்டும். "பத்தியம்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு விளங்காது. "முட்டை, மீன், மாம்ச ரசம் கூடாது, வெங்காயம், பூண்டு கூடாது" என்று ஒவ்வொன்றாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது உத்தமம். பஃபேயில் ஒரு தட்டின் கரண்டி மற்றொரு தட்டுக்குப் போவது சகஜம். மிகக் கண்டிப்பான பத்தியமுள்ளவர்கள் மேஜையில் பரிமாறும் சாப்பாட்டையே நாட வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்தைப் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே, தேவைக்கு இரு மடங்காக, வைத்தியர் சீட்டுடன் வைத்துக் கொள்ள வேண்டும். இன்சுலின் வெயிலிலும் கெடும்; பனிக்கட்டியாக உறைந்தாலும் கெடும். மயக்கம், நடுக்கம் கண்டால் உடனே மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்துப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். கடல் குமட்டலால் வாந்தி கண்டு ஆகாரம் தங்காதபோது மருந்தை எப்படிக் குறைப்பது என்பதைப் புறப்படுமுன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக் கொள்வது அவசியம். தாமாக நிறுத்துவதும் தவறு, தாமாகத் தொடர்வதும் தவறு. அலை மிஞ்சினால் கப்பல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

இரத்த அழுத்தமுள்ளவர்களுக்கு உப்பே சத்துரு. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டுமென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஒரு தேக்கரண்டி உப்பே அந்த அளவுதான். சூப்பு, ஊறுகாய், பாட்டிலில் வரும் ஸாஸ் ஆகியவை அந்தக் கணக்கை ஒரே வேளையில் தீர்த்துவிடும். மூத்திரக் கோளாறு, சிறுநீரக வியாதி உள்ளவர்கள் "உப்புக்குப் பதில்" என்று விற்கும் பொடியை டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது. அதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும்; அது இருதயத்தையே பாதிக்கக் கூடியது.

கோதுமை ஒத்துக் கொள்ளாதவர்கள் இட்லி, தோசை கிடைத்தால் கவலையில்லையென்று நினைப்பார்கள். சாம்பாரிலுள்ள பெருங்காயத்தை அவர்கள் விசாரிக்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது.

வீட்டுப் புளியோதரை மூட்டைக்குக் கப்பலில் சாதாரணமாக அநுமதி கிடைப்பதில்லை. கடையில் முத்திரையிட்டு விற்கும் உலர்ந்த பண்டங்களை அநேக கம்பெனிகள் அநுமதிக்கின்றன. பழம், காய்கறிகளோடு அயல்நாட்டில் கரையிறங்கினால் சுங்க அதிகாரிகள் தடுப்பார்கள். ஏகாதசி விரதக்காரர்கள் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைக் குறிப்பது நலம். இன்சுலின் போட்டுக் கொள்கிறவர்கள் கடலில் முழு உபவாசத்தில் இறங்க வேண்டாம்.

இவ்வளவு ஏற்பாடும் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதாகாது. கொடுத்த பணத்துக்கு உரிய சாப்பாட்டைக் கேட்டுப் பெறுவதில் வெட்கத்துக்கு இடமில்லை. தாயாருக்குக் கொடுத்த வாக்கானாலும், டாக்டருக்குக் கொடுத்த வாக்கானாலும், அதைக் காப்பாற்ற நாக்கை அடக்கினால் மட்டும் போதாது. நாக்கை அசைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கப்பலேறும் பெரியவர்களுக்குச் சால்வையும் தொப்பியும் வாங்கித் தருகிற பிள்ளைகள், அவர்களுடைய பத்தியத்தை இங்கிலீஷில் தெளிவாக எழுதிய ஒரு சீட்டையும் சட்டைப் பையில் வைத்து அனுப்புவார்களாக!