கையெழுத்திட்டவரும் கிளர்ந்தெழுந்தவரும் ஒருவரே

கண்டி தலதா மாளிகைக்கு அருகே ஒரு நினைவுத்தூபி இருக்கிறது. அங்கே வைக்கப்பட்டிருப்பது மொனரவில கெப்பெட்டிபொல திசாவையின் மண்டையோடு. 1818 நவம்பரில் போகம்பரையில் பிரித்தானியர் அவரது தலையை வெட்டினர். எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட மண்டையோடு 1954 இலேயே நாடு திரும்பியது.

இன்று அவர் தேசிய வீரர். ஆனால் 1815 மார்ச் 2 இல் கண்டி இராச்சியத்தைப் பிரித்தானியரிடம் ஒப்படைத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிரதானிகளில் அவரும் ஒருவர். தமிழ் பேசிய நாயக்க வம்சத்து மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் உறவினரைப் பகைவர் என்று அறிவித்ததும் அதே உடன்படிக்கைதான்.

1817 இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கப் பிரித்தானியர் அனுப்பியது கெப்பெட்டிபொலவை. போனவர் கிளர்ச்சியாளருடன் சேர்ந்துகொண்டார். அங்கே அரசுரிமை கோரி நின்ற வில்பாவே, தன்னை நாயக்க வம்சத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டவர். நாயக்கரைத் துரத்தக் கையெழுத்திட்டவர், நாயக்கர் பெயரைச் சொன்ன ஒருவருக்காகப் போராடி உயிர்விட்டார்.

இந்த வாழ்க்கையை விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது ஒரு சாமுராய் படம். மசாகி கொபயாஷி 1962 இல் எடுத்த 'ஹராகிரி'. அதன் நாயகன் ஹன்ஷிரோ, எஜமானை இழந்த ஏழைச் சாமுராய். வறுமையால் ஒரு பிரபு வீட்டு வாசலுக்குப் போன மருமகனை, மூங்கில் வாளால் வயிற்றைக் கிழித்துச் சாகவைக்கிறார்கள். ஹன்ஷிரோ நியாயம் கேட்டுப் போகிறான். ஆனால் அவனும் கறையற்றவனல்ல. குடும்பத்துக்காக மருமகன் தன் வாளை விற்றிருந்தான். அது தெரியவரும்போதுதான், தன் வாளை விற்க ஒருகணமும் நினைக்காத வெட்கம் ஹன்ஷிரோவைச் சுடுகிறது. கடைசியில் அவன் சண்டையிட்டு மடிகிறான். பிரபு வீட்டுக் குறிப்பேடோ நடந்ததை மறைத்து, வீட்டின் மானத்தைக் காக்கும் ஒரு பொய்யை எழுதிவைக்கிறது.

கொபயாஷி இரண்டாம் உலகப்போரில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட படைவீரர். அதிகாரிப் பதவி உயர்வை மறுத்தவர். விசுவாசம் என்ற சொல் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை அவர் நேரில் கண்டவர். அதனால்தான் அவரது நாயகனிடம் வீரமும் குற்றமும் ஒன்றாக இருக்கின்றன. பொய் சொல்வது குறிப்பேடு மட்டுமே.

கண்டியிலும் குறிப்பேடு அப்படித்தான் இருந்தது. கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் என்று காலனி அரசு அறிவித்தது. அந்த அறிவித்தல் 2016 இல்தான் இரத்தானது. துரோகி என்ற சொல் போய் வீரர் என்ற சொல் வந்தது. 1815 ஆம் ஆண்டுக் கையெழுத்தைப் பற்றி இப்போது அதிகம் பேசுவாரில்லை.

எங்களிடமும் இந்த இரண்டு சொற்கள்தான் இருந்தன. ஒரு மகன் மாவீரர், இன்னொரு மகன் துரோகி என்று சுடப்பட்டவர் என இருவரையும் இழந்த தாய்மாரை எங்கள் ஊர்களில் பலருக்குத் தெரியும். ஒருவருக்கு ஊரறிய விளக்கேற்றுவார்கள். மற்றவரின் படம் அலுமாரிக்குள் இருக்கும்.

கொலைகளையும் தியாகங்களையும் ஒரே தராசில் வைக்கச் சொல்லவில்லை. ஒரு மனிதர் செய்தவை எல்லாவற்றையும் சேர்த்தே சொல்லுங்கள் என்கிறேன். கெப்பெட்டிபொலவின் கையெழுத்தையும் வெட்டுண்ட தலையையும் ஒரே பாடத்தில் படிக்கும் பிள்ளை, அலுமாரிக்குள் இருக்கும் படத்தைப் பற்றியும் கேள்வி கேட்கும். அதற்குப் பதில் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும்.